என் ஹீமோகுளோபின் சொன்ன பொய்

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு இலவசமாகச் சர்க்கரை பார்க்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டால் போதும், வியாழக்கிழமையிலிருந்தே மொத்தக் கட்டடமும் சாமியாராகிவிடும். லிப்டில் யாரைப் பார்த்தாலும் கையில் பாகற்காய். ராத்திரி சப்பாத்தி, காலையில் வெந்தயத் தண்ணீர். ஞாயிறு காலை விரலை நீட்டிக் குத்திக்கொண்டு, நார்மல் என்று காதாரக் கேட்டுக்கொண்டு, அப்படியே ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்குப் போய் ஜிலேபி வாங்குவார்கள். நெமிலிச்சேரிக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. அப்புறம் கோபமாக வந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் கோபம் வரும், அது வேறு விஷயம்.

நான் பூந்தமல்லி தாண்டி ஒரு கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி எடுக்கிறேன். முதல் செமஸ்டரில் பெருமூலக்கூறுகள் பாடம். மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. இந்த நான்கையும் வைத்துத்தான் நாம் எல்லாரும் கட்டப்பட்டிருக்கிறோம் என்று ஆரம்பித்து, புரதத்துக்கு வந்து, ஹீமோகுளோபினில் வழக்கமாக நான் கொஞ்சம் அதிக நேரம் தங்கிவிடுவேன். எனக்கு அது பிடிக்கும். நான்கு சங்கிலிகள், ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருக்கும். ஒவ்வொன்றின் மடியிலும் ஓர் இரும்பு அணு. நுரையீரலுக்குள் போகும்போது முதல் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வதுதான் கஷ்டம். அது உட்கார்ந்துவிட்டால் மொத்தச் சங்கிலியும் லேசாக நெளிந்து கொடுக்கும், மற்ற மூன்றுக்கும் இடம் சுலபமாகக் கிடைக்கும். திருவள்ளூர் லோக்கலில் ஒருத்தி மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் பெஞ்சே நகர்ந்து கொடுக்குமே, அந்த மாதிரி.

அந்தச் சங்கிலியின் நுனியில் சர்க்கரையும் வந்து ஒட்டும். யாரும் ஒட்டவைப்பதில்லை, அதற்கென்று ஒரு நொதியும் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அதிகமாக ஒட்டும். ஒட்டினால் அந்தச் சிவப்பணு சாகிறவரை போகாது. சிவப்பணுவின் ஆயுசு மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அதனால்தான் மூன்று நாள் பாகற்காயால் விரல்நுனியை ஏமாற்றலாம், ஹீமோகுளோபினை ஏமாற்ற முடியாது. "வாய் பொய் சொல்லும், முகம் பொய் சொல்லும், ஹீமோகுளோபின் மட்டும் பொய் சொல்லாது" என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன் போல, அது பின்னால்தான் தெரிந்தது.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். கால் வீங்கியது, முகம் வீங்கியது, தூக்கம் இல்லாததால் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் மிஷின் பக்கத்திலேயே விழுந்தான். அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் ஆவடியில் டயாலிசிஸ். என்னால் முடிகிற நாளில் நான் கூடப் போவேன். அவன் படுக்கையில் கிடப்பான், ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், மிஷினில் சலிக்கப்பட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஏசி குளிரில் கம்பளிக்குள் சுருண்டு பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். நானும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண் சொக்கிப்போவேன். கண்ணை மூடினால் அந்தக் குழாய்க்குள் நானும் போய்க்கொண்டிருப்பேன், என்னைச் சுற்றிலும் நான்கு சங்கிலிக்காரர்கள், கோடிக்கணக்கில், மெதுவாக உருண்டுகொண்டு. ஒருத்தரும் அவசரப்படமாட்டார்கள். விழித்துப் பார்த்தால் அவன் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

"இன்னாக்கா, பேஷண்டு நானா நீயா?" என்பான்.

ஒரு சிறுநீரகம் கொடுக்கிறேன் என்று நான் சொன்னது அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான். பெரிய யோசனை எல்லாம் இல்லை. ரத்த வகை ஒன்று. செல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றனவே, உள்ளே வருகிறவன் நம்ம ஆளா வேற்று ஆளா என்று உடம்பு பார்ப்பது அவற்றை வைத்துத்தான். எனக்கும் அவனுக்கும் அவை அவ்வளவு அழகாகப் பொருந்தின. டாக்டரே, நல்ல மேட்ச் என்று சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம், எதையும் நிதானமாகச் செய்கிறவர், ஐ.டி.யில் வேலை. ரெண்டு நாள் யோசித்துவிட்டு, "சரிம்மா, குடு" என்றார். தம்பி மனைவி என் காலில் விழப் பார்த்தாள். நான்தான் திட்டித் தடுத்தேன்.

அதற்கப்புறம் எனக்கு வரிசையாகப் பரிசோதனைகள். எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தது. ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும் அந்த மூன்று மாதக் கணக்கு மட்டும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வருகிற அளவில் வந்திருந்தது.

"வெறும் வயிறு அன்னிக்கு ஒரு நாள் கதை மேடம். இது மூணு மாசக் கதை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார் டாக்டர். சர்க்கரை இருக்கிறவரிடம் சிறுநீரகம் எடுக்கமாட்டார்கள். மிச்சமிருக்கும் ஒன்றும் பின்னால் கெட்டுப்போகலாம். "மூணு மாசம் கட்டுப்பாடா இருங்க. திரும்பப் பாப்போம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. குழந்தைக்குச் சொல்கிற குரலில், "ஸ்டாஃப் ரூம்ல யாராவது பர்த்டேன்னு கேக் குடுத்தா வாங்கிடுறியோ?" என்றார். இல்லை என்றேன். "நீதானம்மா சொல்லுவ, ஹீமோகுளோபின் மட்டும் பொய் சொல்லாதுன்னு." மறுநாள் காலையில் சர்க்கரை டப்பாவும் வெல்ல டப்பாவும் சமையலறையில் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் பரணில் இருந்தன. எனக்கு அழுகையாக வந்தது. திருடியைப் பிடித்துவிட்டு, பாவம் என்று விட்டுவிடுவார்களே, அந்த மரியாதைதான் எனக்குக் கிடைத்தது.

மூன்று மாதம் இருந்தேன். காபியில் சர்க்கரை இல்லை, சோறு ஒரு கரண்டி, பழம்கூட எண்ணிச் சாப்பிட்டேன். கல்லூரிக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில், "டீச்சருக்கு மட்டும் சக்கரை இல்லாம" என்று கடைக்காரர் நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்வார். அந்தச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலையில் வெளிவட்டச் சாலையில் கல்லூரி பஸ் போகும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். இரண்டு பக்கமும் ப்ளாட் போட்ட கல்லும் கிடங்குக் கூரையும் பனியில் மங்கலாகப் போய்க்கொண்டிருக்கும். பழைய சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக மண்ணீரலுக்குப் போய் உடைகின்றன என்று நினைத்துக்கொள்வேன். சர்க்கரை ஒட்டினதெல்லாம் போகிறது, எலும்புக்குள்ளிருந்து புதுசு வருகிறது, ஒட்டாதது, சுத்தமானது. அப்படி நினைத்தால் ஒரு நிம்மதி. பூந்தமல்லி வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முன்னைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

அந்தச் செய்தியைச் சொல்ல அம்பத்தூரில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி சமையலறையில் நின்றபடியே கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மனசு இல்லன்னா மொதல்லயே சொல்லிக்கலாமே அண்ணி" என்றாள், என்னைப் பார்க்காமல். "நாங்க வேற எங்கயாச்சும் எழுதி வெச்சிருப்போம். ஆறு மாசம் பூடுச்சு."

"வேணும்னே சக்கரை தின்னேன்னு சொல்றியா?"

"நா ஒண்ணியும் சொல்லல. ரிப்போட்டு சொல்லுது."

நான் வாய் ஓயாதவள் என்று எங்கள் சொந்தத்தில் பேர். அன்றைக்கு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் விசித்திரமானவை. நான் என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் தூங்கும்போது கனவு வந்தது. பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு வெல்லத்தை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். கீழே தம்பி நிற்கிறான், சின்னப் பையனாக, டிரவுசரில். எனக்கு என்கிறான். இல்லை போ என்கிறேன். விழித்தபோது நாக்கில் இனிப்பு இருந்தது. நிஜமாகவே இருந்தது. எழுந்து ஸ்டூல் போட்டு ஏறி வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தேன். மேலே தூசி, உள்ளே வெல்லம் அப்படியே. அப்போதும் சந்தேகம் போகவில்லை. தூக்கத்தில் வேறெங்காவது போய்த் தின்கிறேனோ? அப்படி இல்லை என்றால், கொடுக்க எனக்கு மனசில்லை என்பது எனக்குத் தெரியாமல் உடம்புக்குத் தெரிந்துவிட்டதோ? ஈரல் கிளைகோஜனாகச் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையை எல்லாம் எடுத்து ரத்தத்தில் விட்டு, இவளை விட்டுவிடுங்கள் என்று எனக்காகக் கெஞ்சுகிறதோ? பாடம் நடத்துகிறவள் யோசிக்கிற யோசனையா இது. ஆனால் யோசித்தேன். பஸ்ஸில், படுக்கையில், குளிக்கும்போது, வயிற்றின் பின்பக்கம் கையை வைத்துக்கொண்டு.

சந்தேகம் தாங்காமல் விரலைக் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். சாப்பிடுவதற்கு முன், சாப்பிட்ட பின், தூங்கி எழுந்தவுடன், கனவு கண்டு எழுந்தவுடன்கூட. எப்போது குத்தினாலும் சர்க்கரை ஒழுங்காக இருந்தது. டாக்டரிடம் சொன்னால், வீட்டில் பார்ப்பது அவ்வளவு சரியாக இருக்காது என்பார். வீட்டுக்காரரிடம் சொன்னால் பாவமாகப் பார்ப்பார். ரத்தத்தில் சர்க்கரை இல்லை, ரத்தத்தின் புரதத்தில் மட்டும் சர்க்கரை இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். பொய் சொல்வது எது என்று நான் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் ஒன்று பொய் சொல்லாது என்பது என் வாக்கு. கருவி சரியில்லை என்று முடிவு செய்து இன்னொன்று வாங்கினேன்.

அந்த வாரம் வகுப்பில் டி.என்.ஏ.வும் புரதமும். வருஷா வருஷம் செய்வதுதான். போர்டில் எழுத்துகளை வரிசையாக எழுதி, ஒன்றை மட்டும் கையால் அழித்து வேறு எழுத்தைப் போடுவேன். பாருங்கள், ஒரே ஓர் எழுத்து மாறினால் புரதச் சங்கிலியில் ஒரு மணி, அதாவது ஓர் அமினோ அமிலம், மாறும். ஒரு மணி மாறினால் அதன் மின்னூட்டம் மாறும். ஹீமோகுளோபினில் இந்த மாதிரி நூற்றுக்கணக்கில் மாற்றங்கள் உண்டு. சிலது ஆளையே படுக்கப்போடும், பலது ஒன்றும் செய்யாது, சாகிறவரைக்கும் தனக்கு அது இருப்பதே தெரியாமல் ஒருத்தர் வாழ்ந்துவிட்டுப் போகலாம். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். சாக்பீஸ் கையில் அப்படியே இருந்தது. முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "மேம், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

என் மூன்று மாதக் கணக்கை அளந்த மிஷின் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். மெல்லிய குழாய்க்குள் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஓடவிடுகிறது. மின்னூட்டத்தைப் பொறுத்து ஒன்று முன்னால் வரும், ஒன்று பின்னால் வரும். சர்க்கரை ஒட்டியது இந்த நேரத்தில் வரும் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறது. அந்த நேரத்தில் எது வந்தாலும் அது சர்க்கரை என்று எழுதிவிடும். பிறவியிலேயே ஒரு மணி மாறிய ஹீமோகுளோபின், சர்க்கரையே ஒட்டாமல், அதே நேரத்தில் வந்து சேர்ந்தால்? மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அதுவும் எங்கள் அபார்ட்மெண்ட்காரர்கள் மாதிரிதான், எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்காது.

வகுப்பு முடிந்ததும் டாக்டருக்குப் போன் செய்து, எண் வேண்டாம், எனக்கு மிஷின் போட்ட கோட்டு வரைபடம் வேண்டும் என்றேன். அனுப்பினார். கல்லூரி பஸ்ஸில் போனிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். சர்க்கரைக்கு என்று இருக்கும் முகடு ஒல்லியாக நிற்கவேண்டும். என்னுடையது தோள் வைத்து அகலமாக உட்கார்ந்திருந்தது. ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்து நிற்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, என் ரத்தம் என்றேன்.

டாக்டர் ஒத்துக்கொண்டார். உடனே இல்லை, இரண்டு தடவை சத்தம் போட வேண்டியிருந்தது. ஹீமோகுளோபினை விட்டுவிட்டு ஆல்புமினைக் கேட்போம் என்றேன். அதுவும் ரத்தத்தில் மிதக்கும் புரதம்தான், அதிலும் சர்க்கரை ஒட்டும், ஆனால் அதற்கு ஆயுசு சில வாரம்தான், என் ஹீமோகுளோபினின் பிறவிக் கோளாறு அதற்குக் கிடையாது. ஆல்புமின் சுத்தமாக இருந்தது. காலையில் டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், அதிலும் சரி. கடைசியாக மரபணுவையே படித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். சங்கிலியில் ஒரு மணி மாறியிருந்தது. கூடவே தம்பியின் ரத்தத்தையும் அனுப்பியிருந்தார். அவனுக்கும் அதே இடத்தில், அதே மாற்றம். எங்களைப் பெற்றவர்களில் யாரோ ஒருத்தர் இரண்டு பேருக்கும் ஒரே தப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வியாதி இல்லை, ஒன்றும் இல்லை, ஓர் எழுத்து.

அந்த ரிசல்ட் வந்த மறுநாள் காலை என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறினார். டப்பாக்களை இறக்கித் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார். காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று கரண்டி போட்டிருப்பார், வாயில் வைக்க முடியவில்லை. அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்ததால் முழுவதும் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். வீட்டிலேயே அடைந்து கிடக்க முடியவில்லை, செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போ என்றான். நான் ஸ்கூட்டரை ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். மழை முடிந்த மாதம், ஏரி நிறைந்து கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை, தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் தெரியவில்லை. அவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் குடித்தால் நெஞ்சில் கோர்த்துக்கொள்ளும். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து அவ்வளவு தண்ணீரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அலை வந்து கல்லைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"யக்கா" என்றான். "டாக்டரு போன் பண்ணாரு. உனுக்கு சுகர் இல்லியாமே."

"ஆமா."

"ஊட்ல இன்னும் சொல்லல நானு. மாமா கைலயும் சொல்லிட்டேன், யார் கைலயும் சொல்லாதீங்கன்னு." அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான். "உனுக்கு வோணான்னா சொல்லுக்கா. சுகர் கீதுன்னே இருந்துட்டுப் போவட்டும். யாருக்கும் தெரியாது. நீ குட்க்க வந்தே, ஒடம்பு ஒத்துக்கல, அவ்ளோதான். நா இதே மாரி போய் வந்துகினு இருப்பேன்."

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. டாக்டர் போனில், "நீங்க குடுக்கலாம் மேடம்" என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம்தான். அத்தனை நாளும் என்னை நம்பவில்லை என்று எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவளுக்கு, நம்பியதும் ஆஸ்பத்திரி மேசை கண்ணுக்குத் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வாயும் சொல்லவில்லை, முகமும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"அறைஞ்சன்னா ஏரில போய் விழுவ" என்றேன்.

"இல்லக்கா, நெஜமாத்தான்."

"நானும் நெஜமாத்தான்டா சொல்றேன்." நானும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பயமாத்தான் இருக்கு. ரொம்ப பயமா இருக்கு. அதோட சேத்துத்தான் குடுக்கறேன். வாங்கிக்க."

அவன் என் கையை எடுத்துத் தன் கையில் இருந்த டயாலிசிஸ் ஊசித் தழும்பின் மேல் வைத்துக்கொண்டான். அந்த இடத்தில் ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் தன் மனைவியிடம் அவனே சொன்னான். அவள் எனக்குப் போன் செய்து, ஹலோ என்றுகூடச் சொல்லாமல், "அண்ணி, ஆப்பரேசன் அன்னிக்கு ஒங்க ரெண்டு பேர்ல மொதல்ல யார் கூட நா நிக்கணும்?" என்று கேட்டாள். என் கூட நில்லு என்றேன்.